வெள்ளைப் பின்னணி

பல் துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியை அறுத்து எறிகிற மனிதனிடம் நியாயம் எதிர்பார்க்கக் கூடாது. இது பாஸ்போர்ட்டுக்குப் புரிய ஏழு வருஷம் ஆயிற்று.

பாஸ்போர்ட் என்பது அவன் பேர் இல்லை. கடைத்தெருவில், மருந்துக்கடைக்கும் செருப்புக்கடைக்கும் நடுவில் ஒரு ஸ்டுடியோ வைத்திருக்கிறான். வருகிறவர்களை முக்காலியில் உட்காரவைத்து, முதுகுக்குப் பின்னால் வெள்ளைத் திரையை இழுத்துவிட்டு, "தாடையக் கொஞ்சம் தூக்குங்க, இங்க பாருங்க, அசையாதீங்க" என்று சொல்லிச் சொல்லியே தலை நரைத்தவன். ஊரில் பாதிப் பேரின் அடையாள அட்டையில் முழித்துக்கொண்டிருக்கும் முகம் அவன் எடுத்ததுதான். அந்தப் பட்டப்பேரை வைத்தவர் அவனுடைய சகலை, அதாவது மனைவியின் அக்காவைக் கட்டியவர். கல்யாணமான புதிதில் ஒரு விருந்தில் விளையாட்டாகக் கூப்பிட்டார். குடும்பமே அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. இப்போது மாமியார்கூடச் சில நேரம் வாய் தவறி அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

சகலைக்கும் ஒரு பட்டப்பேர் உண்டு. கிராம். அவர் மலையேறி. கூடாரம், போர்வை, சாப்பாடு எல்லாவற்றையும் முதுகில் கட்டிக்கொண்டு, ரோடும் இல்லாத வீடும் இல்லாத மலைகளில் நாள்கணக்காக நடந்து படம் எடுக்கிறவர். அதிலும் எடை குறைத்து நடக்கிற கட்சி. சமையலறைத் தராசில் சாக்ஸை வைத்து நிறுப்பார். சட்டைக் காலரில் தைத்திருக்கும் கம்பெனித் துணியைக் கத்தரித்து எறிவார். வரைபடத்தைச் சுற்றியிருக்கிற வெள்ளை ஓரத்தைக்கூட வெட்டிவிட்டுத்தான் மடிப்பார். "நாம மறந்தாலும் முழங்கால் மறக்காதுடா" என்பார். கிராம் என்ற பேரைக் கேலிக்காக வைத்தது பாஸ்போர்ட். அது அவருக்குப் பெருமையாகப் போய்விட்டது. பத்திரிகைப் பேட்டியில்கூடச் சொல்லிக்கொண்டார். வைக்கிற பேரில்கூட அவருக்குத்தான் லாபம் என்று இவனுக்கு வயிறு எரியும்.

இருவரும் சேர்ந்து ஒரே ஒருமுறை மலைக்குப் போயிருக்கிறார்கள். வினை அங்கேதான் தொடங்கியது. பாஸ்போர்ட் அன்று தன் கேமராவை ஆசை ஆசையாகத் துடைத்துப் பையில் வைத்தான். கிராம் அதை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டார்.

"எதுக்குடா ரெண்டு கேமரா? ரெண்டு பேரும் ஒரே மலையத்தானே பாக்கப் போறோம்?"

அதுதான் அவர்கள் முறை. இரண்டு பேருக்கு ஒரு கூடாரம். அதற்கென்று கம்பு கிடையாது. இருவரின் ஊன்றுகோல்களும்தான் தூண். இரண்டு பேருக்கு ஒரு போர்வை, ஒரு ஸ்பூன். அடுப்பே இல்லை. ஓட்ஸைக் காலையில் தண்ணீரில் போட்டு மூடி, நடக்க நடக்க ஊறவிட்டு, மத்தியானம் கூழாக விழுங்க வேண்டும். அதே கணக்கில் ஒரு கேமரா, ஒரு லென்ஸ். குளிரில் பேட்டரி செத்துப்போகும் என்பதால் அதை யாராவது உடம்போடு ஒட்டி வைத்திருக்க வேண்டும். கேமரா கிராமின் பையில், பேட்டரி பாஸ்போர்ட்டின் பனியனுக்குள். ஒருவரிடம் இருப்பது இன்னொருவர் இல்லாமல் எதற்கும் ஆகாது. புருஷன் பெண்டாட்டிகூட இப்படி ஒட்டிக்கொண்டு குடும்பம் நடத்துவதில்லை.

அந்தப் பயணத்தின் கடைசிக் காலையில் கிராம் காய்ச்சல் கண்டு போர்வைக்குள் சுருண்டு கிடந்தார். பாஸ்போர்ட் வெளியே போக எழுந்தான். வழக்கம்போலப் பேட்டரியைக் கேமராவில் போட்டவன், ஏதோ தோன்றி அதைக் கையோடு எடுத்துக்கொண்டு போனான். எதிர் முகட்டில் ஒரு காட்டு ஆடு நின்றுகொண்டிருந்தது. நல்ல கடா. ஒரு கொம்பு முதுகுவரை வளைந்திருந்தது, மற்றது அடியோடு முறிந்திருந்தது. சூரியன் அப்போதுதான் மேலே வந்து நேராக அந்த முறிந்த கட்டையில் உட்கார்ந்தது. முகம் மட்டுமே எடுத்துப் பழகிய கை அன்றைக்கு முகட்டையும், வானத்தையும், ஆட்டின் குளம்படியில் சரிகிற பனிப்பொடியையும் விட்டுவைக்காமல் அள்ளிக்கொண்டது. அழுத்தி முடித்தபிறகுதான் மூச்சு விட்டான்.

எழுப்பிக் காட்டியபோது கிராம் கண் கலங்கி அவனைக் கட்டிக்கொண்டார். "இது போதும்டா நமக்கு" என்றார். அந்தப் படம் பெரிய போட்டிக்குப் போய்ப் பரிசு வாங்கி, புத்தக அட்டையிலும் விமான நிலையச் சுவரிலும் ஏறியபோது அந்த 'நமக்கு' காணாமல் போயிருந்தது. அதையும் எடை என்று கழித்துவிட்டார் போலிருக்கிறது.

அவன் கேட்காமல் இல்லை. குடும்பம் முழுக்கச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கேட்டான்.

"கேமரா என்னுது. லென்ஸ் என்னுது. அந்த எடத்தக் கண்டுபிடிச்சது நான்" என்றார் கிராம், தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "நீ பட்டன அழுத்தினே. காலிங்பெல் அழுத்துறவனா வீட்டுக்குச் சொந்தக்காரன்?"

எல்லோரும் சிரித்தார்கள். போதாததற்கு, அந்தக் கேமரா எடுக்கிற ஒவ்வொரு படத்துக்குள்ளும் சொந்தக்காரரின் பேரைத் தானாகவே பதித்துவிடும் ரகம். கிராம் அதையும் திறந்து காட்டினார். மாமியார், "விடுங்க சின்ன மாப்ள, யார் பேரா இருந்தா என்ன, குடும்பத்துக்குள்ளதானே" என்றாள். அவன் மனைவி வீட்டுக்கு வந்து, "உங்களுக்கு அவர்மேல பொறாமை" என்றாள். அதையெல்லாம்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டான். ஒன்றை மட்டும் பொறுக்க முடியவில்லை.

அது அவன் மகள். அவள் கட்டிலுக்கு மேலே அந்தப் படம் ஆளுயரத்துக்குத் தொங்குகிறது. கீழ் மூலையில், 'செல்லக்குட்டிக்கு, அன்புடன் பெரியப்பா' என்று கையெழுத்து. காலையில் அதைப் பார்த்துக்கொண்டுதான் தலை சீவுவாள். வளர்ந்ததும் பெரியப்பா மாதிரி படம் எடுக்கப்போகிறாளாம். ஒருநாள், "ஸ்டுடியோவுக்கு வாம்மா, நான் சொல்லித்தரேன்" என்று கூப்பிட்டான்.

"நீ முகம் மட்டும்தானேப்பா எடுப்பே?" என்றாள்.

அவள் சூதுவாது இல்லாமல்தான் சொன்னாள். அவன் ஸ்டுடியோவுக்குப் போய், வெள்ளைத் திரைக்குப் பின்னால் நின்று அழுதான். தானே சொன்னால் பொறாமை என்று அவளும் சொல்லுவாள். அந்த வார்த்தை வீட்டில் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்தது. அன்றைக்கே மனதுக்குள் முடிவு செய்தான். பரிசு வேண்டாம், புத்தக அட்டை வேண்டாம். அந்தப் படத்தை எடுத்தது யார் என்று சகலை தன் வாயால் சொல்ல வேண்டும், அதை மகள் தன் காதால் கேட்க வேண்டும். அதற்காக எத்தனை வருஷம் ஆனாலும் சரி என்று காத்திருந்தான்.

வாய்ப்பு தானாகவே போன் போட்டுக் கூப்பிட்டது.

"சகல! கொம்பன் உயிரோட இருக்கானாம்டா, நம்ம ஒத்தக்கொம்பு ஆடு!" கிராமின் குரல் உடைந்தது. "ஆடு மேய்க்கிறவன் ஒருத்தன் பாத்திருக்கான். அதே எடம், அதே முகடு. கெழடாயிட்டானாம். பழைய படமும் புதுப் படமும் பக்கத்துப் பக்கத்துல வெச்சு புத்தகம் போடுறேங்கிறாங்க. அது இல்லேன்னா இந்தப் புத்தகமே கெடையாது. எனக்கும் வயசாகுது, இதான் கடைசி. நீ வர்றியா? மத்தவனெல்லாம் தனிப் போர்வை கேக்குறான்டா. நீதான் எடை கம்மி, கொறட்டையும் விட மாட்டே."

"வரேண்ணே. நீங்க கூப்பிட்டு வராம இருப்பேனா?" என்றான் பாஸ்போர்ட். தேன் ஒழுகியது. வஞ்சம் வைத்தவனுக்கு மரியாதையைப் போல நல்ல மறைப்பு கிடையாது.

கிளம்புவதற்கு முன்னால் கிராமின் வீட்டுச் சாப்பாட்டு மேஜைமேல் எல்லாம் நிறுக்கப்பட்டது. பாஸ்போர்ட்டின் போன் வெளியே போயிற்று. "ரோடு முடியற எடத்துல கடைசி வீடு ஒண்ணு இருக்கு, அங்கயே ரெண்டு போனையும் குடுத்துட்டுப் போயிரலாம். அதுக்கு மேல சிக்னலே கெடையாது." சீப்பு வெளியே போயிற்று. கூடுதல் பேட்டரி வெளியே போயிற்று. அதைத் தூக்கி ஓரமாக வைத்தபோது பாஸ்போர்ட் ஒரு பேச்சுக்குக் கேட்டான்.

"ஒண்ணு போதுமாண்ணே?"

"போதும்டா. நாம என்ன கல்யாணமா எடுக்கப்போறோம்? ஒரு நிமிஷ வேலை. நீ பழையபடி மடியில கட்டிக் காப்பாத்து." அவரே அந்த ஒற்றைப் பேட்டரியை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டார்.

பாஸ்போர்ட்டால் சிரிப்பை அடக்க முடியவில்லை. இருமுவதுபோல் நடித்தான். கழுத்தைக் கொண்டுவந்து நீட்டுகிறவரே கத்தியையும் கையில் கொடுத்தால் என்னதான் செய்வது?

மலை அப்படியே இருந்தது. மனிதர்கள்தான் மூச்சு வாங்கினார்கள். கடைசி வீட்டைத் தாண்டியதும் மரங்கள் குட்டையாகி, புதராகி, பிறகு வெறும் கல்லும் புல்லுமாக ஆயிற்று. கிராமின் பை எலும்பும் தோலுமாக முதுகில் ஒட்டிக்கிடந்தது. அவர் நடக்கிற அழகை மட்டும் குறை சொல்ல முடியாது. கல்லில் பாதம் வைத்தால் கல் அசையாது. பாஸ்போர்ட் பின்னால் நடந்தான். மனதுக்குள் வசனம் ஒத்திகை பார்த்துக்கொண்டே நடந்தான். என்ன கேட்பது, எந்த நேரத்தில் கேட்பது, எப்படிப் பார்ப்பது என்று ஒவ்வொன்றையும் உருட்டி உருட்டிப் பார்த்ததில் ஏற்றமே தெரியவில்லை. ஓய்வெடுக்கும்போது ஓட்ஸ் கூழில் பெரிய பங்கை அண்ணனுக்கே கொடுத்தான். ஸ்பூனைத் துடைத்துக் கொடுத்தான்.

"நீ மாறிட்டேடா" என்றார் கிராம், நெகிழ்ந்துபோய்.

பழைய இடத்திலேயே கூடாரம் போட்டார்கள். ஒரு அகலமான பாறைத் திட்டு. முன்னால் பாதாளம், அதற்கு அப்பால் எதிர் முகடு. வலது பக்கம் ஆள் நிற்க முடியாத பனிச்சரிவு ஒன்று மேலிருந்து வழிந்து திட்டின் ஓரத்தில் முடிந்தது. அங்கே உட்கார்ந்து முகட்டையே பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை. காலையும் மாலையும் பார்த்தார்கள். கழுகு வந்தது, மேகம் வந்தது. கொம்பன் வரவில்லை. படுத்தால் ஒரே போர்வைக்குள் முதுகோடு முதுகு. கிராம் தூக்கத்தில் நடுங்கும்போது போர்வையை அவர் பக்கம் இழுத்துவிடுவான் பாஸ்போர்ட். சகலை குளிரில் செத்துத் தொலைத்தால் ஏழு வருஷக் காத்திருப்பும் வீணாகிவிடுமே என்ற கவலை அவனுக்கு. வயிற்றோடு ஒட்டிக் கதகதவென்று கிடந்த பேட்டரியை அடிக்கடி தொட்டுப்பார்த்துக்கொள்வான்.

சாப்பாடு தீர்ந்தது. அன்றைக்கே இறங்கியாக வேண்டும் என்ற கடைசிக் காலையில், ஒற்றைக்கண் தூரநோக்கியை வைத்துக் கீழே பள்ளத்தை அலசிக்கொண்டிருந்த கிராம் திடீரென்று குழந்தைபோலக் குதித்தார்.

"வர்றான்டா! கொம்பன் வர்றான்! அதே ஒத்தக்கொம்பு! கீழேருந்து ஏறுறான்... பாறைக்குப் பின்னாடி போயிட்டான். இன்னும் கொஞ்ச நேரத்துல முகட்டுக்கு வந்துருவான். பேட்டரி! சீக்கிரம், பேட்டரியப் போடு!"

பாஸ்போர்ட் பனியனுக்குள் கையை விட்டான். பேட்டரியை எடுத்தான். கிராம் கேமராவை நீட்டிக்கொண்டு ஓடி வந்தார். அவன் இரண்டே எட்டில் திட்டின் விளிம்புக்குப் போய், கையைப் பாதாளத்துக்கு மேலே நீட்டினான். நுனிவிரல்களில் பேட்டரி.

"என்னடா விளையாட்டு இது?"

"அந்தப் படத்த யார் எடுத்தா?"

"எந்தப் படத்த..." என்று ஆரம்பித்தவருக்குப் பாதியிலேயே புரிந்துவிட்டது. முகம் வெளிறியது. "டேய், இதையெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்டா. வெளிச்சம் போயிரும்."

"ஏழு வருஷமா அப்புறம்தான். அப்புறம் முடிஞ்சுபோச்சு." அவன் பேச்சில் 'அண்ணே' காணாமல் போயிருந்தது, 'நீங்க'வும் காணாமல் போயிருந்தது. "கேமராவக் கல்லுமேல வெச்சுட்டுத் தள்ளிப் போ. ஒரு அடி கிட்ட வந்தாலும் விட்டுருவேன். எங்க போய் விழும்னு எனக்கே தெரியாது."

"நீ பைத்தியமாடா?"

"ஆமா. நீ ஆக்கின பைத்தியம்."

கிராம் அவனைப் பார்த்தார், முகட்டைப் பார்த்தார், மறுபடியும் அந்த விரல்களைப் பார்த்தார். கேமராவை வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தார். பாஸ்போர்ட் அதை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, விளிம்பை விட்டு நகராமலே பேட்டரியைப் போட்டு வீடியோவுக்கு மாற்றினான்.

"அந்தக் கல்லுல உக்காரு."

அவன் காட்டிய கல் பனிச்சரிவுக்கு முன்னால் இருந்தது. யோசித்துக் காட்டவில்லை, கை தானாகப் போயிற்று. இருந்தது தூரத்தை இழுக்கிற லென்ஸ் ஒன்றுதான் என்பதால், முகம் சட்டத்துக்குள் அடங்க அவன் விளிம்பு வரைக்கும் ஒட்டி நிற்க வேண்டியிருந்தது. ஒரு கண்ணை மூடிக்கொண்டான். மற்றொரு கண்ணில் சகலையின் முகம் வந்து நிறைந்தது. அதைச் சுற்றி வெறும் வெள்ளை.

"தாடையத் தூக்கு. லென்ஸப் பாரு. ம், சொல்லு."

கிராம் தொண்டையைச் செருமினார். "வணக்கம். மலைகளை நேசிக்கிற ஒரு சாதாரண மனுஷன் நான்..."

"அதெல்லாம் வேணாம்! விஷயத்தச் சொல்லு!"

பிரஷ்ஷின் கைப்பிடியை அறுக்கத் தெரிந்தவருக்குப் பேச்சை அறுக்கத் தெரியவில்லை. ஒளியைப் பற்றிச் சொன்னார். கூட்டு முயற்சி என்றார். படம் என்பது ஒரு தனி மனிதனுடையதா என்று தத்துவம் பேசினார். பேசும்போதெல்லாம் கண் பாஸ்போர்ட்டின் தோளைத் தாண்டி எதிர் முகட்டுக்கு ஓடியது. ஒவ்வொரு முறையும் பாஸ்போர்ட் அதட்டி லென்ஸுக்கு இழுத்துவந்தான். அந்த அதட்டலில் அவனுக்கு இருந்த சுகத்தைச் சொல்லி மாளாது. ஏழு வருஷம் காலிங்பெல்லாக இருந்தவன் இன்றைக்கு வீட்டுக்காரனை வாசலில் நிறுத்தி வைத்திருந்தான்.

எங்கேயோ ஒரு கல் உருண்டது.

கிராம் துள்ளி எழுந்தார். "கேட்டியா? கேட்டியாடா? பக்கத்துலதான் இருக்கான்..."

"உக்காரு!"

"ஒரு தடவ திரும்பிப் பாத்துக்கறேன்டா, ஒரே ஒரு தடவ..."

"திரும்பாதே! அசையாதே! லென்ஸப் பாரு! சொல்லி முடிச்சுட்டு எங்க வேணாலும் பாரு!"

கிராம் உட்கார்ந்தார். தோள் தொங்கிவிட்டது. பேசியபோது அது மேடைக் குரலாக இல்லை.

"அந்தப் படத்த நான் எடுக்கல. நான் காய்ச்சல்ல படுத்திருந்தேன். எடுத்தது என் சகல. அவன் எழுப்பிக் காட்டுற வரைக்கும் அந்த ஆட்ட நான் கண்ணால பாத்ததுகூடக் கெடையாது. என் பேர்ல போட்டுக்கிட்டேன். அவன் கேட்டப்ப சிரிச்சு மழுப்பினேன்."

"ஏன்?"

"ஏன்னா..." அதட்டாமலே லென்ஸைப் பார்த்தார். "வாழ்க்கை பூரா மலை ஏறியிருக்கேன். அப்படி ஒரு காலை எனக்கு அமைஞ்சதே இல்ல. பாஸ்போர்ட் போட்டோ எடுக்கறவன், மொதத் தடவை வந்தவன், ஒண்ணுக்குப் போக எழுந்தவன், அவனுக்கு அமைஞ்சுது. எனக்குத் தாங்கல. போதுமாடா? தாங்கல எனக்கு."

வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது பாஸ்போர்ட்டுக்கு. கண்ணோரத்து ஈரம், மூக்கின்மேல் வெயிலில் உரிந்த தோல், நெற்றியின் ஒவ்வொரு சுருக்கம் என்று எல்லாமே கூர்மையாக விழுந்துகொண்டிருந்தன. இவ்வளவு நல்ல முகத்தை அவன் ஆயுளில் எடுத்ததில்லை. கொஞ்சம் கூடுதலாகவே ஓடவிட்டுத்தான் நிறுத்தினான். கார்டைக் கழற்றிப் பனியனுக்குள் போட்டுக்கொண்டான்.

"எடையே இல்லேன்னு நீ எடுத்துக்கிட்ட இன்னொரு கார்டு உன் பையில இருக்கு. போட்டுக்க. போய் உன் ஆட்ட எடு."

கிராம் கேமராவை வாங்கிக் கார்டை மாற்றி, எதிர் முகட்டைக் குறிவைத்துக் குப்புறப் படுத்தார். சூரியன் ஏறியது. முகட்டில் நிழல் சுருங்கியது. கொம்பன் வரவில்லை. பிறகு பள்ளத்திலிருந்து மூடுபனி எழும்பி, முகட்டையும் சரிவையும் திட்டையும் ஒன்றாக விழுங்கிவிட்டது. வெகுநேரம் கழித்துத்தான் அவர் எழுந்தார்.

"வேற வழியா எறங்கிட்டான் போல" என்றார், யாரிடமும் சொல்லாததுபோல.

பாஸ்போர்ட்டுக்கு இது இரட்டை விருந்து. வாக்குமூலமும் கிடைத்தது, அந்த ஆளுக்குப் படமும் கிடைக்கவில்லை. ஆனால் இறங்குகிற வழியிலும் ஒருநாள் தங்க வேண்டுமே. கூடாரத்துக்கு இருவரின் கோலும் வேண்டும், போர்வை ஒன்றுதான். ஒருவர் குடியை ஒருவர் கெடுத்த இருவரும் மறுபடி முதுகோடு முதுகு ஒட்டிக்கொண்டு படுத்தார்கள்.

"வீட்டுல போட்டுக் காட்டப்போறியா?" என்று கேட்டார் கிராம், கூடாரத்துணியைப் பார்த்து.

"ஆமா."

"நானும் வரேன். எனக்குப் பின்னாடி வெச்சுக் காட்டாதே."

ஞாயிற்றுக்கிழமை ஸ்டுடியோவின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் குடும்பத்தைக் கூட்டினான். வாடிக்கையாளர்களுக்குப் படம் காட்டுகிற பெரிய டிவி சுவரில் இருந்தது. மாமியாருக்கு மெத்தை நாற்காலி. மனைவியும் அவள் அக்காவும் பெஞ்சில். மகளைத் தனக்குப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டான். கடைசியாக வந்த கிராமுக்கு முக்காலிதான் மிச்சம். வெள்ளைத் திரைக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். யாரும் சொல்லாமலே தாடையை நிமிர்த்திக்கொண்டார்.

வீடியோ ஓடியது. மலையை நேசிக்கிற சாதாரண மனுஷன் வந்தபோது மாமியார் சிரித்தாள். கூட்டு முயற்சியில் சிரிப்பு நின்றது. "அந்தப் படத்த நான் எடுக்கல" என்ற இடத்தில் மூத்தவள் வாயைப் பொத்திக்கொண்டு தன் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன பெரிய மாப்ள இது?" என்று மாமியார் முனகினாள். மனைவி பின்னாலிருந்து பாஸ்போர்ட்டின் முழங்கையைத் தொட்டாள். ஏழு வருஷமாக அவன் ஏங்கிய தொடுதல் அது. ஆனால் அவனுக்கு வேண்டியது அதுவும் இல்லை. மகளின் முகத்தைப் பார்த்தான்.

மகள் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு டிவியை நெருங்கிப் போயிருந்தாள்.

"அப்பா, நிறுத்து. கொஞ்சம் பின்னாடி போ."

"திரும்பக் கேக்கணுமாம்மா?" அவன் ஆசையாக ரிமோட்டை எடுத்தான்.

"கேக்க இல்லப்பா. பெரியப்பா தோளுக்குப் பின்னாடி என்னமோ வருது."

அவன் பின்னால் ஓட்டினான். கிராமின் முகம் கூர்மையாக இருந்தது. பின்னால் வெள்ளை. அந்த வெள்ளையின் மேல்மூலையில் மங்கலாக ஒரு பழுப்பு. அது அசைந்து இறங்கியது. கல் உருண்ட சத்தம் கேட்டது, பழுப்பு நின்றது. தலையைத் தூக்கியது. ஒரு பக்கம் முதுகுவரை வளைந்த ஒரு கோடு, மறுபக்கம் ஒன்றும் இல்லை. 'திரும்பாதே, அசையாதே' என்று பாஸ்போர்ட்டின் குரல் கத்துகிறபோது அது நேராகக் கேமராவைப் பார்த்துக்கொண்டு நின்றது. வாக்குமூலம் முழுவதற்கும் நின்றது. 'தாங்கல எனக்கு' என்று கிராம் சொல்லி முடித்தபிறகு நிதானமாக நடந்து, சட்டத்தின் ஓரத்தில் மறைந்தது.

கிராம் முக்காலியிலிருந்து எழுந்து வந்து டிவியில் விரலை வைத்தார்.

"கொம்பன்டா" என்றார். கோபமே இல்லை அந்தக் குரலில். "என் முதுகுக்குப் பின்னாடியேதான் நின்னிருக்கான்."

"இன்னொரு தடவ போடுங்க" என்றாள் மனைவி. மாமியார் கண்ணாடியைத் தேடினாள். மூத்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள். மறுபடியும் ஓடியது. எல்லோரும் கிராமின் காதுக்குப் பக்கத்திலிருந்த அந்தப் பழுப்பையே பார்த்தார்கள். அவர் என்ன சொல்கிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

மகள் மட்டும் திரும்பினாள்.

"கட்டிலுக்கு மேல இருக்கற படம், அத நெஜமாவே நீதான் எடுத்தியாப்பா?"

கிராம்தான் சொன்னார்: "அவன்தாம்மா. சத்தியமா அவன்தான்."

அவள் பெரியப்பாவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். குறும்பு இல்லை, கோபம் இல்லை. புரியாத கணக்கைக் கேட்பதுபோலக் கேட்டாள்.

"அத எடுத்த உனக்கு, இது எப்படிப்பா தெரியாமப் போச்சு?"

அவன் ரிமோட்டை அழுத்தி வீடியோவை நிறுத்தினான். டிவியில் சகலையின் முகம் உறைந்திருந்தது. தாடை சரியான உயரத்தில், கண் நேராக லென்ஸில், ஒரு சுருக்கம்கூடத் தப்பாமல். மகள் அந்த முகத்தை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.